நாற்பதுக்கு வைத்த சந்தனம்

நுணுக்குக்காட்டிக்குள் ஒரு கண்ணால் பார்க்கும்போது மற்றக் கண்ணை மூடக்கூடாது. எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்த விதி இது. மூடினால் கண் களைத்துவிடும் என்பது புத்தகத்தில் இருக்கும் காரணம். மூடினால் எதிர்மேசையில் இருப்பவளுக்கு நாம் கண்ணடிப்பதாகத் தெரியும் என்பது நான் சொந்தமாகக் கண்டறிந்த காரணம். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்மேசையில் இருந்தவள் ஜெனிற்றா. அரியாலைக் கடனீரேரியில் நண்டு பிடிக்கும் சூசைதாசனின் மகள். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"நீர் ஆருக்குக் கண்ணடிக்கிறீர்?"

"வெங்காயத்துக்கு" என்றேன். அன்று வெங்காயத் தோலின் கலங்களைப் பார்த்துப் படம் வரையும் பாடம்.

"வெங்காயம் என்ன சொல்லுது?"

"இன்னும் பதில் இல்லை."

என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் பார்த்தாள். "லைற்றே போடேல்லை. பிளக் கீழை கிடக்கு" என்றாள். பிறகு என் வரைதலைப் பார்த்தாள். கலச்சுவர், கரு, குழியவுரு என்று எல்லாம் இருந்த அழகான படம். அதன் கீழே 'படம் 4.2' என்றும் எழுதியிருந்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "நீர் இதுக்குள்ளை எப்பவாவது எதையாவது கண்டிருக்கிறீரோ?" என்று கேட்டாள்.

நேர்மையான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். சொந்தக் கண்ணிமை மயிரைப் பலமுறை கண்டிருக்கிறேன். மற்றவர்கள் "ஆ!" என்று வியந்தபோதெல்லாம் மரியாதைக்காக நானும் வியந்திருக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் கல்லூரி கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், உயர்ந்த மதிலுக்குள் இருக்கிறது. கனடாவில் இருக்கும் யாரோ ஒருவரின் வீடு அது. அதை வாடகைக்கு எடுத்து மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பம் படிப்பிக்கிறார்கள். வீட்டின் சாப்பாட்டறைதான் ஆய்வுகூடம். முன்பு புட்டும் முட்டைப் பொரியலும் பரிமாறிய அதே நீள மேசையில் நாங்கள் மலப் பரிசோதனை பழகுகிறோம். வீட்டுக்காரரின் தகப்பனார் சுவரில் படமாகத் தொங்கியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முகம் அப்படி இருப்பதற்கு இதுதான் காரணமா, முன்பும் அப்படித்தானா என்பது தெரியவில்லை.

செய்முறைப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். முதல் தடவை நான் சித்தியடையவில்லை. நடந்தது இவ்வளவுதான். நுணுக்குக்காட்டியில் கண் வைக்கும் குழாய்க்குக் கீழே சுழலும் தட்டு ஒன்று இருக்கிறது. மூக்குத்துண்டு என்று பெயர். அதில் நாலு, பத்து, நாற்பது மடங்கு என்று பெருப்பிக்கும் வில்லைகள் பூட்டியிருக்கும். நாற்பது கீழே வந்து நிற்கும்போது அதற்கும் மேடையில் வைத்த கண்ணாடித் துண்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி. அந்த நேரம் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத்தான் தொடலாம். பெரிய திருகு மேடையை ஒரேயடியாகத் தூக்கிவிடும். நான் பெரிய திருகைத் திருப்பினேன்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

உடைந்த கண்ணாடித் துண்டு செல்வநாயகம் சேருடையது. எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் அவர். பேராதனையில் படித்த காலத்தில் தன் கையால் தயாரித்து இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தாராம். இரண்டு துண்டையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "போம்" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பதாம் வில்லைக்கு ஒன்றும் ஆகவில்லை. மோதினால் உள்வாங்க அதற்குள் ஒரு சுருள்வில் வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை எதிர்பார்த்து, எங்கோ ஒரு நாட்டில், முகம் தெரியாத ஒருவர் செய்த நன்மை அது. அவருக்கு இங்கே என் நன்றி. ஆனால் என் சினேகிதன் சிவரூபன் அந்தச் சுருளை நம்பவில்லை.

சிவரூபன் கரவெட்டி. வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் அவனைக் கண்டவர்கள் இல்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு கோயிலிலும் ஏதோ ஒரு நேர்த்தி பாக்கி வைத்திருப்பான்.

"மச்சான், பிழை உன்னிலை இல்லை" என்றான். "அந்த நாப்பதுக்குக் கண்ணூறு பட்டிட்டுது."

"வில்லைக்கோ?"

"பின்னை? எத்தினை பேர்ரை கண் அதிலை படுது! எங்கடை மாட்டுக்கு ஒராள் பார்த்தே பால் நிண்டது. இதை வருசக்கணக்கா எல்லாரும் உத்துப் பாக்கிறாங்கள்."

அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

மீண்டும் ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அதுவும் தவறினால் மூன்றாவது கிடையாது, பெயரை வெட்டிவிடுவார்கள். சுட்டெண் வரிசைப்படி எனக்கு வந்த நுணுக்குக்காட்டி கடைசி மேசையில் இருக்கும் அதேதான், அதே நாற்பதோடு. பரீட்சை விஜயதசமிக்கு மறுநாள்.

இம்முறை நன்றாகப் பழகிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த அபூர்வமான முடிவுகளில் ஒன்று. அந்த உற்சாகத்தோடு ஆய்வுகூடத்துக்குள் போனால் மேசைகள் வெறுமையாக இருந்தன. எல்லா நுணுக்குக்காட்டிகளும் மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், வெள்ளைத் துணியால் மூடப்பட்டு, மேலே செவ்வரத்தம் பூவோடு இருந்தன.

நவராத்திரியின் கடைசி நாட்கள். புத்தகங்களையும் கருவிகளையும் பூசையில் வைத்துவிட்டால் விஜயதசமி விடியும்வரை யாரும் தொடுவதில்லை.

"சேர், எனக்குப் பழகவேணும்" என்றேன்.

"பூசையிலை வைச்சதை எடுக்கேலாது" என்றார் செல்வநாயகம் சேர்.

"விஜயதசமியண்டைக்கு?"

"அண்டைக்குப் பூசை முடிஞ்ச கையோடை பூட்டிடுவம். சோதினைக்கு ஒழுங்கு செய்யவேணும்."

கல்விக் கருவிகளை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அந்த மதிப்பு முடியும்வரை படிக்க முடியாது.

சேர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். வாசலில் ஜெனிற்றா நின்றாள்.

"என்ன செய்யிறீர்?"

"கும்பிடுறன்."

"கும்பிடுறவை துணிக்குள்ளை கை விடுறேல்லை."

"ஒண்டை மட்டும். பின்னேரம் திருப்பி வைச்சிடுவன். நீர் வேதக்காரிதானே, உமக்கென்ன?"

"எங்கடை அந்தோனியாருக்கு முன்னாலை வைச்சதை எடுக்க விடுவனோ? உங்கடை சாமிக்கு முன்னாலை வைச்சதையும் விடமாட்டன். வெளியாலை வாரும்."

வந்தேன். முற்றத்து மாமரத்தின் கீழே படியில் உட்கார்ந்து, என் பெயர் வெட்டப்பட்ட பிறகு சித்தப்பாவின் கோழிப் பண்ணையில் எனக்கு என்ன பதவி கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன். கோழிகளுக்கு இரண்டு கண்ணும் இரண்டு பக்கம். கண்ணடித்தாலும் பிரச்சினை வராது.

ஜெனிற்றா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். மாமரத்தோடு சிவரூபனின் சைக்கிள் சாத்தியிருந்தது. கிட்டப் போய் ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தினாள்.

"எழும்பு" என்றாள். அதுவரை 'நீர்' என்று கதைத்தவள் அன்றைக்குத்தான் 'நீ'க்கு வந்தாள். "இதுதான் உன்ரை மைக்கிறஸ்கோப்."

"இது சைக்கிள்."

"கண் தெரியாதவனுக்கு எதுவா இருந்தால் என்ன? உனக்குப் பிழை கண்ணிலை இல்லை, கையிலை. கையைத்தான் பழக்கவேணும். சீற்றுத்தான் மேடை. உன்ரை பொக்கற்றிலை கிடக்கிற பஸ் ரிக்கற்றை எடு, அதுதான் கண்ணாடிச் சிலைட். பெடல் பெரிய திருகு, ரெண்டு பக்கமும் இருக்கு, பார். மணியின்ரை விசைதான் சின்னத் திருகு."

"மூக்குத்துண்டு?"

அவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். பின்சில்லு 'கிளிக் கிளிக்' என்றது. "வில்லை சரியா வந்து நிண்டால் இப்பிடித்தான் ஒரு கிளிக் கேக்கும். கேக்காட்டிப் பாதி நிலாதான் தெரியும். வில்லையிலை பிடிச்சு இழுக்காதை, தட்டைப் பிடிச்சுத் திருப்பு."

அப்படியாக நான் சைக்கிளில் நுணுக்குக்காட்டி படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தூக்கிக்கொண்டு வரப் பழக்கினாள். ஒரு கை நுணுக்குக்காட்டியின் புயத்தைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை அடியின் கீழே இருக்க வேண்டும். சைக்கிளை அப்படித் தூக்க முடியாததால் கன்ரீனில் இருந்து நிறைகுடம் ஒன்றை வாங்கித் தந்தாள். தண்ணீர் சிந்தினால் திரும்பவும் கிணற்றடியில் இருந்து தொடங்க வேண்டும். அன்று முற்றத்து மாமரத்துக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது.

பிறகு சீற்றுக்குக் குனிந்து பார்க்கும் வேலை. எப்போதும் நாலில்தான் தொடங்க வேண்டும். லைற்றைப் போட வேண்டும், பிளக் உட்பட. கண்ணை வைப்பதற்கு முன் பக்கவாட்டில் நின்று, வில்லையும் ரிக்கற்றும் முட்டாமல் மேடையை உயர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே பார்க்கலாம், பார்த்தபடி மேடையை இறக்கலாம், ஒருபோதும் ஏற்றக்கூடாது. நாலில் தெளிந்ததைச் சரி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பத்துக்குப் போக வேண்டும், பத்தில் தெளிந்த பிறகே நாற்பது. நாற்பதுக்கு வந்த பிறகு என் கை பெடல் பக்கம் போனால் அவள் மணியை அடிப்பாள். அது சின்னத் திருகைத் தொட்டுக் காட்டுவதும் ஆயிற்று, என்னை ஏசுவதும் ஆயிற்று. நான் கண்ணை மூடினாலும் மணி அடித்தது.

கன்ரீன் நடத்தும் குணலட்சுமி அக்கா கதவில் சாய்ந்து நின்று இதையெல்லாம் நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, உவன் ஏன் சீற்றை மணந்து பாக்கிறான்?"

"சோதினைக்குப் படிக்கிறான் அக்கா."

"என்ன சோதினையெண்டாலும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படிக்கச் சொல்லு. பாவம்." எனக்காக அவர் கொண்டுவந்த தேநீரில் சீனி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. நோயாளிகளுக்குப் போடுகிற அளவு.

சிவரூபன் வந்தபோது நான் அவனுடைய சைக்கிளின் முன் பக்தியோடு குனிந்திருந்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்ட வந்தான். ஜெனிற்றா விளக்கிச் சொன்ன பிறகும் திரும்பப் போடவில்லை.

"ஒண்டு சொல்லித் தாறன், இதை மறக்காதை" என்றாள் ஜெனிற்றா. "உள்ளுக்கை பனிமூட்டம் மாதிரிப் புகாரா இருக்கெண்டு வை. என்ன செய்வாய்?"

"பெரிய திருகு..."

மணி அடித்தது.

"முதல் கேள்வி, அழுக்கு எங்கை இருக்கு எண்டது. மூண்டு பேர் படுத்திருக்கிற அறையிலை ஆர் குறட்டை விடுறான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பாய்? ஒவ்வொருத்தனாத் தட்டிப் பாப்பாய் எல்லே? அப்பிடித்தான். கண் வைக்கிற பார்வைத்துண்டைச் சுத்திப் பார். அழுக்கும் சேர்ந்து சுத்தினால் அதிலை இருக்கு. சிலைட்டை அசைச்சுப் பார். சேர்ந்து அசைஞ்சால் சிலைட்டிலை. ரெண்டும் இல்லாட்டி?"

"வில்லையிலை."

"கெட்டிக்காரன். அப்பிடியெண்டால் போட்டிருக்கிற சேட்டாலை துடைக்கிறேல்லை. வில்லைத்தாள் கேட்டு வாங்கு."

அந்த நேரம் கொழும்பு ரயில் போனது. மதில், மாமரம், குணலட்சுமி அக்காவின் கிளாசுகள் எல்லாம் நடுங்கின. "றெயில் போகேக்கை ரெண்டு கையையும் எடு" என்றாள். எடுத்தேன். சைக்கிள் மட்டும் தனியாக நடுங்கியது.

அந்த நாட்களில் அவள் தன் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நின்று, ஒரு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்.

விஜயதசமி காலை. தேவாரம் பாடி, அவலும் கடலையும் பங்கிட்டார்கள். சந்தனம் வைக்கும் பொறுப்பு சிவரூபனுக்கு. கிண்ணத்தோடு ஒவ்வொரு நுணுக்குக்காட்டியாகப் போய் அடியில் ஒரு பொட்டு வைத்தான். கடைசி மேசைக்குரியதன் முன்னால் மட்டும் முழந்தாளிட்டு, தலையைச் சரித்துக்கொண்டு, நெடுநேரம் ஏதோ செய்தான். வாய் முணுமுணுத்தது. எழும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"என்ரை பக்கத்து வேலையை முடிச்சிட்டன் மச்சான். இனிப் பயமில்லை" என்றான்.

எனக்காக ஒருவன் இவ்வளவு உருகிக் கும்பிடுவான் என்று நான் நினைத்திருக்கவில்லை. "நன்றி மச்சான்" என்றேன். பூவையும் வெளியே பட்டிருந்த சந்தனத்தையும் துடைத்துவிட்டுச் செல்வநாயகம் சேர் அறையைப் பூட்டினார்.

மறுநாள் பரீட்சகராக வந்தவர் பத்மாசினி மெடம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருந்து வந்திருந்தார். மெலிந்தவர், குரலை உயர்த்தாதவர், நடக்கும் சத்தமே கேட்காது. இரண்டாம் முறை எழுதுபவர்கள் நாங்கள் சிலர்தான் உள்ளே. ஏற்கெனவே சித்தியடைந்த சிவரூபனும் ஜெனிற்றாவும் வெளி விறாந்தையில், யன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருப்பவனைப் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி.

மெடம் கண்ணாடித் துண்டைத் தந்தார். "இதுக்குள்ளை ஒரு புழுவின்ரை முட்டை இருக்கு. என்ன புழு எண்டு சொல்லும். எப்பிடித் தெரியும் எண்டும் சொல்லும்."

நுணுக்குக்காட்டியை இரண்டு கையாலும் எடுத்து வந்தேன், தண்ணீர் சிந்தவில்லை. பிளக்கைப் போட்டேன். நாலில் தொடங்கினேன். பக்கவாட்டில் நின்று மேடையை உயர்த்தினேன். இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்த்துக்கொண்டு இறக்கினேன். மஞ்சள் வெளிச்சத்தில் தூசியும் துணுக்கும் தெளிந்து வந்தன. அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு மண்ணிறப் புள்ளி. நடுவுக்குக் கொண்டுவந்தேன். பத்து. புள்ளி இப்போது நீள்வட்டமாக இருந்தது. வட்டப்புழுவின் முட்டையாகவும் இருக்கலாம், சாட்டைப்புழுவின் முட்டையாகவும் இருக்கலாம். நாற்பதில் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

தட்டைப் பிடித்துத் திருப்பினேன். கிளிக்.

தேங்காய்ப் பாலுக்குள் விழுந்தது போலிருந்தது. எங்கும் ஒரே வெள்ளைப் புகார். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு நிழல். சின்னத் திருகை முன்னும் பின்னும் திருப்பினேன். புகார் புகாராகவே இருந்தது. போன தடவையும் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் நின்றேன். அந்த 'டக்' திரும்பவும் காதுக்குள் கேட்டது. என் வலக்கை என்னைக் கேட்காமலே பெரிய திருகில் போய் உட்கார்ந்துவிட்டது.

மணி அடித்தது.

மதிலுக்கு வெளியே ஒழுங்கையால் யாராவது உண்மையாகவே சைக்கிளில் போனார்களா, யன்னலுக்கு வெளியே இருந்து அடித்தார்களா, என் தலைக்குள் அடித்ததா, எனக்குத் தெரியாது. கை தானாக விலகியது.

ஒவ்வொருத்தனாகத் தட்டிப் பார். பார்வைத்துண்டை மெல்லச் சுற்றினேன். புகார் அசையாமல் நின்றது. கண்ணாடித் துண்டை அசைக்கக் கை வைக்கப் போகிறேன், ரயில் வந்துவிட்டது. இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். மேசை நடுங்கியது. பின்னால் இருந்த நிழல் குலுங்கிக் குலுங்கி ஆடியது. புகார் மட்டும் தியானத்தில் இருப்பதுபோல அப்படியே நின்றது.

ரயில் போன பிறகு கையை உயர்த்தினேன்.

"என்ன?" என்றார் மெடம்.

"நாப்பதாம் வில்லையிலை அழுக்கு மெடம். வில்லைத்தாள் வேணும்."

"வில்லையிலைதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். பார்வைத்துண்டைச் சுற்றியதையும், கண்ணாடித் துண்டை எனக்குப் பதிலாக ரயில் அசைத்துத் தந்ததையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரப்பர் ஊதியையும் வில்லைத்தாளையும் எடுத்துத் தந்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மேடையை இறக்கி, வில்லையைக் கழற்றினேன். முதலில் ஊதியால் ஊதினேன். காய்ந்த தூள் பறந்தது. தாளை மடித்து நடுவில் இருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைத்தேன். தாள் மஞ்சளாக வந்தது. அறை முழுவதும் கோயில் வாசம்.

மெடம் தாளை வாங்கி மணந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சந்தனமோ?"

"ஓம் மெடம்."

"மைக்கிறஸ்கோப்புக்குச் சந்தனம் ஆர் வைச்சது?"

நான் வில்லையைப் பார்த்தேன். செல்வநாயகம் சேர் கூரையைப் பார்த்தார். சுவரில் இருந்த பெரியவர்கூட வேறு பக்கம் பார்ப்பதுபோல இருந்தது. அப்போது யன்னல் கம்பிகளுக்கிடையே விபூதி பூசிய நெற்றி ஒன்று எவ்வளவு வர முடியுமோ அவ்வளவு உள்ளே வந்தது.

"மெடம், நான்தான் மெடம். அவனிலை பிழையில்லை. அந்த நாப்பதுக்குக் கண்ணூறு. போனமுறை அதுதான் அவனை விழுத்தினது. மற்றதுகளுக்கு அடியிலைதான் வைச்சனான். இதுக்கு அடியிலை வைச்சால் பலிக்காது எண்டு வில்லையிலையே வைச்சனான் மெடம்."

மெடம் யன்னல் பக்கம் திரும்பினார். "பத்துக்கு வைக்கேல்லையோ?"

"பத்துக்கு ஒரு குறையும் இல்லை மெடம்" என்றான் சிவரூபன், உண்மையான அக்கறையோடு.

மெடம் சடக்கென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் கொஞ்சம் குலுங்கின. ரயில் அப்போது போகவில்லை. திரும்பி வந்தபோது முகம் பழையபடி இருந்தது. "நீர் பாரும்" என்றார் என்னிடம்.

வில்லையைப் பூட்டினேன். நாலு, பத்து, கிளிக். சின்னத் திருகை ஒரு மயிரிழை திருப்பினேன்.

அது வந்தது.

மண்ணிறத்தில், தேன் நிறத்து ஓரத்தோடு, நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் கண்ணாடிபோன்ற அடைப்போடு, யாரோ வார் பிடித்து இறுக்கிக் கட்டியதுபோல ஒரு சின்னஞ்சிறு தவில். அதற்குள்ளே மணி மணியாக ஏதோ உறங்கிக்கொண்டிருந்தது. என் இமை மயிரும் இல்லை, படம் 4.2உம் இல்லை. இந்தப் பூமியில் அப்போது என் ஒருவனுக்காகவே அது அங்கே கிடந்தது. மனிதக் குடலில் வாழும் ஒரு புழுவின் முட்டையைப் பார்த்து ஒருவனுக்கு அழுகை வருமா என்று கேட்டால், வரும். யாரும் வியக்காத அந்த அறையில் நான் "ஆ" என்றேன்.

"என்ன தெரியுது?"

"தவில் மெடம்."

"என்ன?"

"சாட்டைப்புழுவின்ரை முட்டை மெடம். ரெண்டு முனையிலும் அடைப்பு இருக்கு. வட்டப்புழுவின்ரையெண்டால் அடைப்பு இராது, வெளிப்பக்கம் சொரசொரப்பா இருக்கும்."

கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இடக்கண் தவிலிலேயே இருந்தது. திறந்திருந்த மற்றக் கண்ணுக்கு மேசை தெரிந்தது, மேசைமேல் மெடத்தின் கை தெரிந்தது, அந்தக் கை புள்ளித்தாளில் 'சித்தி' என்று எழுதுவதும் தெரிந்தது. அதற்கு அப்பால் யன்னல். ஒருவன் தலைக்குமேல் கைகூப்பி நின்றான். பக்கத்தில் ஒருத்தி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றக் கண்ணை மூடியிருந்தால் இவ்வளவும் இல்லாமல் போயிருக்கும்.

"முட்டையைக் கண்டதுக்கு மட்டும் உமக்குப் புள்ளி தரேல்லை" என்றார் மெடம் புள்ளித்தாளை மடித்தபடி. "ஒண்டும் தெரியாத நேரம் கையை எடுத்தீரே, அதுக்குந்தான். ஆஸ்பத்திரியிலை எனக்கு அதுதான் வேணும்." பிறகு செல்வநாயகம் சேரிடம், "வாற வருசம் பூசைக்கு வில்லையளைக் கழட்டிப் பெட்டியிலை வையுங்கோ சேர்" என்றார். சேர் தலையாட்டினார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டி "போம்" என்றார். அதே சொல்தான், ஆனால் இந்தமுறை பின்னால் ஒரு சிரிப்பு இருந்தது.

வெளியே வந்ததும் சிவரூபன் என்னைக் கட்டிப்பிடித்தான். "பாத்தியே? சந்தனம் பலிச்சிட்டுது!"

"விசரா, உன்ரை சந்தனந்தான் இவனைக் கவிழ்க்கப் பாத்தது" என்றாள் ஜெனிற்றா.

"கவிழ்த்ததோ? சந்தனம் இல்லாட்டி உவன் முட்டையை மட்டும் சொல்லிப்போட்டு வந்திருப்பான். கையை எடுத்ததுக்கும் சேர்த்தெல்லே மெடம் புள்ளி போட்டவ! புகார் வந்தபடியால்தானே கையை எடுத்தவன்? சொல்லு, ஆர் வைச்ச புகார்?"

அந்த வாதத்திலும் ஓட்டை இல்லை.

எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் எண்ணம் இல்லை. வருத்தத்தைத் தந்தவனும் மருந்தைத் தந்தவளும் இரண்டு பேருமே என்னை நினைத்துத்தான் தந்தார்கள். நன்றி என்று சொன்னேன். ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள், அது சரியாகவும் இருந்தது. சிவரூபன் கரவெட்டியில் என் பெயரில் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துவிட்டிருந்தான். ஜெனிற்றா அந்தோனியாருக்கு மெழுகுதிரி சொல்லியிருந்தாள். உடைப்பதும் கொளுத்துவதும் நான்தானாம்.

"முதல் என்ரை கோயில்" என்றான் சிவரூபன். "சைக்கிளை எடு, பஸ் எடுக்கிற இடத்துக்குப் போவம்."

மாமரத்தின் கீழே சைக்கிள் ஸ்ராண்டில் நின்றது. கிட்டப் போனேன். சட்டைப் பையில் அந்த வில்லைத்தாள் இருந்தது, இன்னும் கொஞ்சம் மஞ்சளோடு. எங்கே வைப்பது என்று ஜெனிற்றாவைப் பார்த்தேன்.

"அடியிலை" என்றாள்.

குனிந்து, பெடலுக்கு மேலே சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஏறி உட்காரக் காலைத் தூக்கினேன். முடியவில்லை. அது மேடை. அதன்மேல் எப்படி உட்காருவது?

"என்னடா, ஏறன்" என்றான் சிவரூபன்.

"நடப்பம்" என்றேன். கைபிடியை ஒரு கையாலும் சீற்றை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல உருட்டியபடி வாசல் படலையைத் தாண்டினேன். பின்னால் ஜெனிற்றா எட்டி மணியை ஒருமுறை அடித்தாள். இந்தமுறை நான் ஒரு பிழையும் செய்யவில்லை.